நல்ல வீட்டுக்குக் காதுகுத்து

ஏந்தல்குடியில் முட்டாள் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. சந்தேகம் வேண்டாம் என்று ஒரு தடவை ஊர்க்கூட்டம் போட்டு, முட்டாளாக இருக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்று கேட்டே பார்த்துவிட்டார்கள். ஒரு கைகூட எழும்பவில்லை. அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த ஊரில் ‘நல்ல வீடு’ என்று ஒரு பழைய ஓட்டு வீடு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வேட்டைக்கு வந்த ஒரு ராஜா, வழியில் எதையோ தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மத்தியானம் படுத்திருந்தார். எழுந்து போகும்போது, “நல்ல வீடு” என்றார். ராஜாவின் வாயிலிருந்து ஏந்தல்குடியைப் பற்றி வந்தது இந்த இரண்டே வார்த்தைதான். ஊருக்கு அது போதும். அவர் படுத்த இடத்தை அன்று முதல் யாரும் மிதித்ததில்லை. அவசரமாகக் கொல்லைப்பக்கம் ஓடுகிறவர்கள்கூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுவார்கள்.

வீட்டைக் காவல் காக்கிறது அடைக்கலத்தின் பரம்பரை. அடைக்கலம் நாலாவது தலைமுறை. அவரும் அவர் சம்சாரம் வள்ளிக்கண்ணும் வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தார்கள். அடைக்கலத்துக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது; இத்தனை வயதில் ஒரு ராத்திரிகூட வேறு கூரைக்குக் கீழே அவர் தூங்கியதில்லை. கல்யாணத்தன்றுகூட மாமனார் வீட்டிலிருந்து ஆறு மைல் தனியாக நடந்து வந்து இங்கேதான் படுத்தார். அதை வள்ளிக்கண்ணு இன்னும் மறக்கவில்லை.

போன கார்த்திகையில் காட்டாற்றில் வெள்ளம் வந்தது. தெற்குச் சுவரைச் சாய்த்தது, பாதி ஓட்டைக் கொண்டுபோனது, வாசல் கதவைப் பெயர்த்து மிதக்கவிட்டுக் கூட்டிப்போனது. பூட்டு மட்டும் தப்பியது. எண்ணெய் போடுவதற்காக அடைக்கலம் அதை இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். கதவு இல்லாத நிலைப்படியின் நாதாங்கியில் அந்தப் பூட்டை மாட்டி, சாவி போட்டுத் திருகி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாய்ந்த தெற்குச் சுவர் வழியாக உள்ளே வந்து தினமும் படுத்துக்கொள்வார். பூட்டாத வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது.

தை மாதம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“பெரியவரே, வீடு அருமையான வீடுதான். ஆனா யார் தலைமேலயாவது விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஊரா சேந்து காசு சேத்துப் பழுது பாருங்க. ஆவணி இருபதாம் தேதி திரும்பி வருவேன். அன்னைக்கு இந்த வீடு விழுற நிலைமையில இங்க நிக்கக் கூடாது. நின்னா, இடிச்சுத் தள்ளச் சொல்லி உத்தரவு.”

அடைக்கலம் அவரை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். விழுற நிலைமையில, இங்க, நிக்கக் கூடாது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பன் பாட்டன் காலத்தில் நடக்காதது தன் காலத்திலா நடக்க வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது. போதாததற்கு, ராஜா திரும்பி வந்தால் எங்கே படுப்பார் என்ற கவலை வேறு.

மறுநாளே குழு அமைத்தார்கள். தலைவர் உடையப்பன். அடைக்கலத்துக்கு மச்சான் முறை. ஊரிலேயே பெரிய மீசை அவருடையது என்பதால் வேறு யாரையும் யோசிக்கவில்லை. விவரம் சொல்வதற்குத் திருமேனி. எட்டாம் வகுப்பு படித்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் உண்டு. அதை மூன்று தடவை படித்தவர் திருமேனி ஒருத்தர்தான்.

முதலில் உண்டியல் வைப்பது என்று முடிவானது. உண்டியல் செய்த கொல்லர், “திருடு போகாம பாத்துக்கங்க” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். திருமேனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சித்தப்பா, இந்த ஓட்டை வழியா காசு உள்ள போகும்னா, அதே வழியா வெளியவும் வரும்ல?”

உடனே கொல்லரைத் திரும்பக் கூப்பிட்டு ஓட்டையை ஈயம் காய்ச்சி அடைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து உண்டியலை உடைத்துப் பார்த்தபோது, உள்ளேயிருந்து ஒரு காசுகூடத் திருடு போயிருக்கவில்லை. உடையப்பனுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

அப்புறம், பணக்காரர்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினால் மனசு இளகிக் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். சிங்கப்பூரில் சம்பாதித்து வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். பெரிய மனுஷர் வருகிற இடத்தை அலங்கோலமாகப் போட்டுவைக்கலாமா? விரிசல்களை எல்லாம் சாந்து பூசி மறைத்தார்கள். சாய்ந்த சுவர் இருந்த இடத்தில் பூப்போட்ட பந்தல் துணியைக் கட்டினார்கள். ஓடு போன இடத்தில் தென்னங்கீற்று, வாசலில் வாழைமரம், மேளம். வந்தவர் சுற்றிப் பார்த்தார்.

“வீட்டுக்கு என்ன? ஜம்முனு இருக்கே! ராஜா சொன்னது வாஸ்தவம்தான்” என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்திரை பிறந்துவிட்டது. அடைக்கலம் ஆவணியை நினைத்து நினைத்து இளைத்துப்போனார். அப்போதுதான் கிடா வாங்க வந்த கறிக்கடைக் காசிம் பாய் ஒரு வழி சொன்னார்.

“எங்க பக்கம் காசு வேணும்னா மொய் விருந்து வைப்பாங்க அத்தா. ஒரு விசேஷத்தச் சொல்லிப் பத்திரிகை அடிச்சு, கிடா வெட்டிச் சோறு போடுங்க. சாப்பிட்டவுக கை கழுவிட்டு மொய் எழுதிட்டுப் போவாக. நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துல நீங்க திருப்பிச் செய்யணும். அம்புட்டுத்தான்.”

குழு கூடியது.

“விசேஷம்னா யாருக்கு?” என்றார் உடையப்பன்.

“காசு யாருக்கு வேணும் மாமா?” என்றார் திருமேனி.

“வீட்டுக்கு.”

“அப்ப வீட்டுக்குத்தான் விசேஷம்.”

என்ன விசேஷம் என்பதுதான் பாக்கி.

“கல்யாணம் பண்ணிப்புடலாமா மச்சான்?” என்றார் அடைக்கலம்.

“பொண்ணு பாக்கணுமே மாப்ளே. பஞ்சாயத்து ஆபீஸக் கேட்டுப் பாப்பமா?”

“அது மெத்தை வீடு, நாம ஓட்டு வீடு. ஒத்து வருமா?” என்றார் திருமேனி. “வயசு வித்தியாசமும் நூத்தித் தொண்ணூறு வருசம்.”

மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு யோசித்தார்கள். பின்கட்டிலிருந்து வள்ளிக்கண்ணு குரல் கொடுத்தாள்.

“அதுக்கு இன்னும் காதே குத்தல. கல்யாணம் பேசுறாகளாம், கல்யாணம்!”

மூன்று பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பச்சைப் பிள்ளைக்கு மூன்று வயதில் செய்கிற காரியம்; இருநூறு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே! தன் பாட்டன் முப்பாட்டன் எல்லோருக்குமாகச் சேர்த்து அடைக்கலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருமேனி வெளியே போய் முன்சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். நடுவில் வாசல். அது வாய். இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். காது இரண்டும் இருக்கின்றன, ஓட்டை இல்லை என்று தெரிவித்தார்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் வேண்டும். சீர் கொண்டுவர வேண்டியவர் அவர். பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியவரும் அவர். வீட்டுக்குத் தாய்மாமன் யார்? இதற்கு மட்டும் மூன்று நாள் ஆனது. கடைசியில் அடைக்கலமே கண்டுபிடித்தார். வீட்டுக்குச் செங்கல் வந்தது செம்மண்குடிச் சூளையிலிருந்து. அப்படியானால் வீட்டின் தாய் பிறந்த இடம் சூளை. சூளையை இப்போது நடத்துகிற நல்லமுத்துதான் முறைப்படி தாய்மாமன்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு மூன்று பேரும் சூளைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட நல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தது இல்லாத ஒற்றை ஆள் அவர். தாய்மாமன் என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

“எம் மருமகனுக்கு நான் செய்யாம யாரு செய்வா? பத்தாயிரம் செங்கல் சீரா எறக்கிடுறேன்” என்றார்.

உடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“தாய்மாமன் செங்கலா கொண்டாருவாக? ஊரு சிரிக்காது? பட்டு, பழம், வாழத்தாருன்னு முறையோட வாங்க.”

“அதுவுஞ் சரிதான்” என்று நல்லமுத்து செங்கலை விட்டுவிட்டார். செங்கலைத் தடுத்து மானத்தைக் காப்பாற்றிய மச்சானை நினைத்து, திரும்பி வருகிற வழியெல்லாம் அடைக்கலத்துக்கு ஒரே பெருமை.

வைகாசியில் நாள் குறித்தார்கள். பத்திரிகையில், ‘எங்கள் நல்ல வீட்டுக்குக் காதணி விழா’ என்று போட்டு எட்டு ஊருக்குக் கொடுத்தார்கள். அடைக்கலம் தன்னுடைய உழவு மாடு இரண்டையும் விற்றுக் கிடா வாங்கினார். விசேஷத்தன்று காலையில் பந்தல் நிறைய ஜனம். எல்லாம் தயார் என்றிருந்த நேரத்தில் திருமேனி எழுந்தார்.

“மொட்டை போடாம காது குத்துறதா?”

நல்லவேளை, நேரத்தோடு ஞாபகப்படுத்தினார். வெள்ளத்துக்குத் தப்பிய பாதி ஓடு இன்னும் தலையில் இருந்தது. முடி எடுக்கிறவர் ஏணியில் ஏறி முதல் ஓட்டை மரியாதையாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். மீதியை இளவட்டங்கள் இறக்கினார்கள். வீட்டின் தலை வழுவழுவென்று ஆனதும் சந்தனம் கரைத்து உத்தரத்தில் பூசினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்தது மடி. வீட்டைத் தூக்கித் தாய்மாமன் மடியில் வைப்பது எப்படி?

“வீட்டைத் தூக்க முடியாது. ஆனா மாமனைக் கீழ எறக்கலாம்ல?” என்றார் அடைக்கலம். சொல்லிவிட்டு, தனக்கா இது தோன்றியது என்று தானே ஆச்சரியப்பட்டார்.

முன்சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்குக் குழி தோண்டினார்கள். நல்லமுத்து பட்டு வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். சுவர் சரியாக அவர் மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. “எம் மருமகன் நல்ல கனம்” என்று கீழேயிருந்து பெருமையாகச் சொன்னார்.

காது குத்துகிற பத்தர் ஜன்னலைப் பார்த்தார். தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். “இதுக்கு இது பத்தாது” என்று ஊசியைப் பையில் போட்டுவிட்டுக் கடப்பாரை கேட்டார். வலது ஜன்னலுக்குக் கீழே நாலு குத்து. ஓட்டை விழுந்தது. மாமன் கொண்டுவந்த பித்தளை மணியைக் கடுக்கனாக மாட்டினார்கள். குலவை போட்டார்கள். இடது ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது குத்து விழுந்தபோது, சுவருக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டது.

“புள்ள அழுவுது! வெல்லத்தக் குடுங்க!”

வள்ளிக்கண்ணு ஓடிப்போய் ஒரு துண்டு வெல்லத்தை வாசற்படியில் வைத்தாள். முனகல் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பந்தலிலிருந்து, “மொதப் பந்தி!” என்று குரல் வந்தது. நல்லமுத்து தன் ஆயுசில் முதல் பந்தியைத் தவறவிட்டதில்லை. குழியிலிருந்து ஒரே எம்பாக எம்பி ஓடினார். தாய்மாமனே போன பிறகு மற்றவர்களுக்கு என்ன? எல்லோரும் ஓடினார்கள். பத்தர் கடப்பாரையோடு ஓடினார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, முன்சுவர் நீட்டி நிமிர்ந்து தரையில் கிடந்தது. நிலைப்படி மட்டும் பூட்டோடு தனியாக நின்றது. அடைக்கலம் ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஆகிவிட்டதே! உடையப்பன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“பயப்படாத மாப்ளே. காது குத்துன அசதி. மத்தியானம் செத்த நேரம் படுத்திருக்கு. இந்த வீட்டுல ராஜாவே படுத்திருக்காரு.”

“எழுப்பிறாதீக” என்றாள் வள்ளிக்கண்ணு.

அதைப் பார்த்து மற்ற சுவர்களும் அடுத்து வந்த கோடைமழையில் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. அடைக்கலம் அதே இடத்தில் வானத்தைப் பார்த்துப் படுத்தார். வேறு கூரைக்குக் கீழே தூங்கியதில்லை என்ற பேர் மட்டும் கெடவில்லை.

ஆனால் மொய் கொட்டியிருந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு வீட்டை இரண்டு தடவை கட்டலாம் என்றார். அடைக்கலம் வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அந்தக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கப் பையை அவிழ்க்கும்போது திருமேனி குறுக்கே வந்தார்.

“சித்தப்பா, மொய்க் காசத் தொட்டுப்புட்டா, நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு எத எடுத்துக்கிட்டுப் போகும்?”

“எது போகும்?”

“வீடுதான். மொய் வாங்குனது அதுதான? வாங்குனவுகதான போயிச் செய்யணும்?”

பாய் சொன்னதும் அதுதான்; திருப்பிச் செய்யணும். அடைக்கலம் பையை முடிந்துவிட்டார். கொத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் ஏந்தல்குடியில்தான் நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முதல் பத்திரிகை காசிம் பாய் வீட்டிலிருந்து வந்தது. மகளுக்கு நிக்காஹ். வீட்டை எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்து, வீட்டின் சாயலாக இருந்த ஒரு செங்கலை எடுத்துக் குளிப்பாட்டி, பட்டுத் துணி சுற்றி, அடைக்கலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் சிரித்துக்கொண்டு அரை டிக்கெட் கிழித்தார்.

“இருநூறு வயசுங்க. முழு டிக்கெட்டே குடுங்க” என்றார் அடைக்கலம். யாரையும் ஏமாற்றி அவருக்குப் பழக்கமில்லை.

போன இடத்தில் பாய் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். “என்ன அத்தா, குடும்பத்தோட வாங்கன்னு போட்டிருந்தேன். ஒத்த ஆளா வந்திருக்கு?”

அடைக்கலம் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டார். வாஸ்தவம். எல்லாப் பத்திரிகையிலும் குடும்பத்துடன் வரவும் என்றுதான் போட்டிருக்கிறது. அன்றோடு சரி. அடுத்த விசேஷத்திலிருந்து வாடகைக்கு டிராக்டர் பிடித்தார்கள். செங்கல், ஓடு, உத்தரம், ஜன்னல் எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றி, சந்தனம் தெளித்து அனுப்பினார்கள். வள்ளிக்கண்ணு உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். “நான் வாழ வந்தது இந்த வீட்டுக்கு. அது எங்கயோ நானும் அங்க” என்பது அவள் கட்சி. நிலைப்படியை மட்டும் விட்டுவைத்தார்கள். எல்லோரும் கிளம்பிவிட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

ஆவணி முகூர்த்த மாதம். வீடு ஊரில் தங்குவதே அபூர்வமாகிவிட்டது.

ஆவணி இருபதாம் தேதி அதிகாரி ஜீப்பில் வந்தார். பின்னால் கடப்பாரை, சம்மட்டியோடு நாலு ஆட்கள். அடைக்கலம் பூட்டிய நிலைப்படிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வீடு எங்கய்யா?”

“மேலவயலுக்குப் போயிருக்குங்க. ஒரு கல்யாணம்.”

“எது?”

“வீடுங்க. பந்தி முடிஞ்சதும் வந்துரும். உள்ள வந்து உக்காருங்க.”

அடைக்கலம் எழுந்து, சாவி போட்டுப் பூட்டைத் திறந்தார். அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து நிலைப்படிக்குள் நுழைந்தார். நாலு ஆட்களும் கடப்பாரையை வெளியே சாத்திவிட்டுக் குனிந்து நுழைந்தார்கள். உள்ளே வெயில் கொளுத்தியது.

“ஐயா, அங்க மட்டும் நிக்காதீங்க. ராஜா படுத்த எடம்.”

அதிகாரி நகர்ந்து நின்றார். வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு ஃபைலைப் பிரித்து ஏதோ எழுதினார். அடைக்கலம் கெஞ்சிக் கேட்டதால் படித்தும் காட்டினார்: “ஆய்வின்போது மேற்படி வீடு விழும் நிலையில் அவ்விடத்தில் நிற்கவில்லை. இடிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.”

அடைக்கலம் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. ஜீப் போனதும் நிலைப்படியைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

பொழுது சாயும்போது டிராக்டர் வந்தது. உத்தரத்தில் ஒரு தாம்பூலப் பை தொங்கியது.

“வள்ளிக்கண்ணு, வீடு பொழைச்சுருச்சு!” என்று அடைக்கலம் கத்தினார். “எறக்குங்கப்பா! இனிமே அது பாட்டுக்கு இங்கயே கெடக்கட்டும்!”

இரண்டு பேர் செங்கலில் கை வைத்தார்கள். அதற்குள் உடையப்பன் ஒரு பத்திரிகையை ஆட்டிக்கொண்டு மீசை பறக்க ஓடிவந்தார், பின்னாலேயே திருமேனியும்.

“எறக்காத மாப்ளே, எறக்காத! விடிஞ்சா செம்மண்குடியில புது வீடு குடிபோறாக. தாய்மாமன் நல்லமுத்து கட்டுன வீடு!”

அடைக்கலம் யோசித்தார். மனுஷர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய்விட்டு, ஒரு வீட்டின் விசேஷத்துக்கு வீடு போகாமல் இருந்தால், அந்த வீடு என்ன நினைக்கும்?

“சரி, இருக்கட்டும். காலையில வெள்ளனே கெளம்பிரலாம்” என்றார்.

டிரெய்லர் உச்சியிலிருந்து வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள்.

“அந்த வீட்டுக்குக் காது குத்தியாச்சான்னு கேட்டீகளா?”

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை.

“நல்ல ஆளுக! எதுக்கும் கடப்பாரையவும் வண்டியில போடுங்க.”